செவலைமேல் ஒரு கீறல் இல்லை

செவ்வாயில் நாங்கள் சண்டை போட்டது தண்ணீருக்காக. சொன்னால் பூமியில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் என்னவோ தண்ணீருக்குச் சண்டையே போடாதவர்கள் மாதிரி. துருவத்துப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. அதன் அடியில் பனிக்கட்டி. இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் அவர்கள். அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கடைசிவரை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் டாங்க் பட்டறையில் வெல்டிங் போடுகிறவன். ஓட்டை போட்ட குண்டின் சொந்த ஊர் தெரிந்தால் வெல்டிங் கூடுதலாகப் பிடிக்கப் போவதில்லை.

அங்கே பெரிய எதிரி தூசிதான். மூடிய டப்பாவுக்குள் வைத்த இன்னொரு மூடிய டப்பாவுக்குள்ளும் போய்விடும். முதல் ஆறு மாதம் நாங்கள் இட்லிக்குத் தொட்டுக்கொண்டது மிளகாய்ப்பொடி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. காரம் போதவில்லை என்று சமையல்காரனை அடிக்கக்கூடப் போயிருக்கிறோம். உண்மை தெரிந்த பிறகும் நாலைந்து பேர் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

டாங்க் ஒன்று போனால் போனதுதான். அடுத்த கப்பல் வர இரண்டு வருஷம். அதில் ஒரு டாங்க்கை ஏற்றுகிற இடத்தில் ஒரு பட்டாளத்தையே ஏற்றலாம். ஆகவே யாருடைய டாங்குகள் முதலில் தீர்கின்றன என்பதுதான் போர். மற்ற கொடி, கோஷம், பாட்டு எல்லாம் கல்யாண வீட்டு வாழைமரம்.

எங்கள் டாங்குகள் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்ப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். மேஜர் வைகுந்தன். நல்ல மனிதர் என்றுதான் பட்டறை முழுக்க நம்பினோம். அதிகாரிகளின் சாப்பாட்டுக்கூடத்தை விட்டுவிட்டு எங்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவார். குழம்பு வைப்பது சண்முகக்கனி. 'செவலை' என்ற டாங்கின் ஓட்டுநர். பூமியில் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். டாங்க்கையும் அப்படியே ஓட்டினாள். பாறை குறுக்கே வந்தால் ஹாரனைத் தேடுவாள்.

ஒருநாள் மேஜர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"புது மூளை அண்ணாச்சி. எல்லா வண்டிலயும் மாட்டணும்" என்றார் என்னிடம். "இப்ப போற வேகத்துல அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள நம்மகிட்ட ஓட்டறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"இந்த டப்பா வந்து என்ன செய்யும் சார்?" என்றாள் சண்முகக்கனி.

"கேக்கும் அக்கா. உள்ள உக்காந்திருக்கவங்க பேசறதைக் கேட்டுக் கேட்டு, அவங்களுக்கு எது பெருசுன்னு கத்துக்கும். அதைக் காப்பாத்தும்."

"நாங்க சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னா?"

"குரலை வச்சுக் கண்டுபிடிச்சிடும். மனசுல இல்லாததை ஏத்துக்காது."

"அப்பம் எங்க வீட்டுக்காரருக்கு இது எவ்வளவோ மேலு" என்றாள் அவள்.

செவலையில் துப்பாக்கி இருக்கையில் இருப்பவன் ஜெபராஜ், நாசரேத்துப் பையன், எதையும் துருவிக் கேட்கிறவன். "மேலிடத்துலேருந்து இதை மாத்த முடியுமா சார்?" என்றான்.

"முடியாது. ரேடியோவுல மாத்தலாம்னு வச்சா எதிரியும் மாத்துவானே. இருக்கையில இருக்கவங்க எல்லாரும் மனசாரச் சொன்னா மட்டுந்தான் மாறும்."

நான்தான் அதைச் செவலைக்குள் பொருத்தினேன். பேசவும் செய்தது. பள்ளிக்கூடத்து ஆய்வாளர் வந்த அன்றைக்குப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி சுத்தமான தமிழ்.

சண்முகக்கனிக்கு ஒரு பழக்கம். அவளுக்குப் பிடித்த எதுவாக இருந்தாலும், பிள்ளையோ ஆட்டுக்குட்டியோ மினிபஸ்ஸோ, வெளியே கிளம்பும் முன் இரண்டு கையாலும் அதன் முகத்தை வழித்து, விரல்களைத் தன் பொட்டில் வைத்து நெறித்துக்கொள்வாள். "எந் தங்கமே, உனக்கு வர்றதெல்லாம் எனக்கு வரட்டும்" என்பாள். செவலைக்கும் தினமும் செய்தாள், கையால் வெளியே வழித்து, உள்ளே ஏறி உட்கார்ந்து வாயால் சொல்லி. நெட்டி முறிகிற சத்தம் பட்டறை முழுக்கக் கேட்கும். பத்து விரலும் முறிந்தால் அன்றைக்குப் பயமில்லை என்று மற்ற வண்டிக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"நீயும் சொல்லுடே. வண்டிக்கு நல்லது" என்பாள் ஜெபராஜிடம்.

"எங்க சர்ச் ஐயருக்குத் தெரிஞ்சா என்னைச் சபையை விட்டே தள்ளிருவாரு அக்கா."

"ஒங்க ஐயர் இங்க வரணும்னா ரெண்டு வருசம் ஆவும். சும்மா சொல்லு."

முதலில் விளையாட்டாகச் சொன்னான். செவலை தப்பித் தப்பி வர வர, விளையாட்டு போய்விட்டது. ஒருநாள் நான் அடியில் படுத்து வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே தனியாக உட்கார்ந்து மெதுவாகச் சொல்வதைக் கேட்டேன். தங்கமே என்ற வார்த்தையை மட்டும் கூச்சப்பட்டு விட்டுவிட்டான்.

பிறகு ஒருநாள் செவலை திரும்பி வந்தது. பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். சண்முகக்கனி மட்டும் இறங்கினாள்.

"அவனை வண்டி வெளிய தள்ளிட்டு அண்ணாச்சி" என்றாள். "ஏவுகணை வருதுன்னு சொல்லிச்சு. நான் வளைக்கதுக்குள்ள பின்கதவு தொறந்துட்டு. இருக்கையோட அவனைத் தூக்கி மணல்ல போட்டுட்டு. அவன் உடுப்போட சூட்டைப் பாத்து அந்தச் சனியன் அவங்கிட்டப் போயிட்டு. வண்டி தப்பிட்டு. பழுதாயிருக்கும். பாருங்க, எங்கயோ பழுதாயிருக்கும்."

நான் பார்த்தேன். பழுது ஒன்றுமில்லை. கடைசியில் அதனிடமே கேட்டேன்.

செவலை சொன்னது: "எனக்கு வருவது தங்களுக்கு வரட்டும் என்று இருவரும் மனமாரச் சொன்னீர்கள். எனக்கு வந்தது. வண்டியை ஓட்ட ஒருவர் வேண்டும். ஆகவே மற்றவருக்குக் கொடுத்தேன்."

சண்முகக்கனி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டறைச் சுவரில் அன்றன்றைய இழப்பை எழுதும் பலகை ஒன்று உண்டு, டாங்குகளுக்கு மட்டும். அன்றைக்கு அதில் 'இழப்பு இல்லை' என்று எழுதினார்கள்.

மேஜர் வைகுந்தன் ஓடிவந்தார். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, நான் பார்த்தேன். செவ்வாயில் தண்ணீரை வீணாக்குவது குற்றம். ஆகவே அது நிஜக் கண்ணீராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா, நான் பாத்துக்கறேன். இனிமே இந்த வார்த்தையை எந்த வண்டிலயும் எவனும் சொல்லக் கூடாது. தடை போட்டுடறேன். அதுக்கு எனக்கு முழுசாத் தெரியணும். நீங்க எப்படிச் சொல்லுவீங்க, எப்பச் சொல்லுவீங்க, அந்தப் பையனுக்கு எப்படிப் பழக்குனீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். அழுதுகொண்டே, கையால் வழித்துக் காட்டி, விரலை நெறித்துக் காட்டி, குரல் எங்கே இறங்கும் என்பதுவரை சொன்னாள். அவர் பதிவுக் கருவியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது அவள் கையைப் பிடித்தார். "உங்க தம்பி மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். அவள் அப்படியே நினைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், அன்றைக்கும்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் ஒலிபெருக்கி கரகரத்தது. வழக்கமாகச் சங்கொலி வரும். அன்றைக்கு வந்தது சண்முகக்கனியின் குரல்.

"எந் தங்கமே. உனக்கு வர்றதெல்லாம் எனக்கு வரட்டும்."

அழுகையை வெட்டி எடுத்திருந்தார்கள். அன்பை மட்டும் விட்டிருந்தார்கள். பிறகு ஓர் ஆண் குரல் அறிவித்தது: இன்று முதல் வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும். இது நம் படையின் மங்கல மரபு. இதற்குச் 'சண்முகக்கனி முறை' என்று பெயர். இதனால் டாங்க் இழப்பு அறவே நின்றுவிடும் என்று மேஜர் வைகுந்தன் கண்டறிந்துள்ளார்.

அவள் தோசைக் கரண்டியோடு நின்றாள். ஒலிபெருக்கி இன்னொரு முறை சொன்னது. இன்னொரு முறை. எல்லோரும் குரலைப் பழகிக்கொள்ள வேண்டுமாம். மூன்றாவது முறை சொன்னபோது, "அது நானில்ல அண்ணாச்சி" என்றாள்.

மேஜரின் அறைக்கு நேரே போனாள். நானும் பின்னாலேயே போனேன், கரண்டியை வாங்குவதற்காக.

"தடை போடுதேன்னு சொன்னீயளே சார்."

"உக்காருங்க அக்கா." குரல் மாறவே இல்லை, அதே தம்பிக் குரல். "நான் கணக்குப் பாக்கறவன். டாங்க் போனா ரெண்டு வருஷம் வராது. ஆள் வருவான். இப்பவே கப்பல்ல டாங்க் வேண்டாம், ஆளுங்களை அனுப்புங்கன்னு சொல்லியாச்சு. இப்படியே போனா இந்தப் போர் எத்தனை வருஷம் வேணும்னாலும் நடக்கும். எல்லாம் உங்களாலதான்."

"அவன் எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியும். நான் வெளிய எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

"சொல்லுங்க. யார் நம்புவா? உங்க வண்டிதானே கீறல் இல்லாம நிக்குது?"

அவர் சொன்னது சரி. அவள் சொல்லிப் பார்த்தாள், ஒருவரும் நம்பவில்லை. வெளியே விழுந்து செத்தவர்கள் எல்லாம் மனசாரச் சொல்லாமல் விட்டவர்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அதனால் மிச்சமிருந்தவர்கள் இன்னும் மனசாரச் சொன்னார்கள். டாங்குகள் குறையவில்லை. சாப்பாட்டு வரிசைதான் குறைந்தது. எங்கள் சமையல்காரன் முதல்முறையாக மிச்சச் சோற்றை என்ன செய்வது என்று யோசித்தான்.

கப்பல் வந்தது, ஆட்களோடு. ஜெபராஜுக்குப் பிறகு துப்பாக்கி இருக்கை காலியாகவே இருந்த செவலைக்குக் கிடைத்தவன் பரமார்த்தலிங்கம். முப்பது வயது, ஆலங்குளத்தில் பரோட்டாக் கடை, இரண்டு பெண் குழந்தைகள். வந்ததும் சண்முகக்கனியின் காலில் விழுந்தான்.

"அக்கா, நீங்கதானா அது! வர்ற வழியெல்லாம் ஒங்க குரலைத்தான் கேட்டுக்கிட்டே வந்தேன். எம் பொண்டாட்டிகூட மனப்பாடமாச் சொல்லுவா."

"சொல்லாதடே. அந்த வார்த்தையைச் சொல்லாத. ஒன்னையக் கும்பிட்டுக் கேக்கேன்."

"அதெப்படி அக்கா? நீங்க மட்டும் தப்பிச்சாப் போதுமா?" என்று சிரித்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, உள்ளம் உருகச் சொன்னான். பரோட்டா மாவு பிசைந்த கை. நெட்டி முறித்தது துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது.

இனி அவளுக்கு இருந்தது ஒரே வேலை. இந்த மனிதனை அந்த இரண்டு பெண்களிடம் உயிரோடு அனுப்ப வேண்டும். அதற்குச் செவலையின் மனத்தை மாற்ற வேண்டும். செவலை செத்தாலும் பரவாயில்லை என்று உள்ளே இருப்பவர்கள் மனசாரச் சொல்ல வேண்டும். அவளே தொடங்கினாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு திட்டினாள்.

"நீ நாசமாப் போவ. ஒன் சங்கிலி அத்துப் போவ. ஒன் இரும்பைக் கரையான் அரிக்க."

செவ்வாயில் கரையான் கிடையாது, இரும்பைக் கரையான் தின்பதும் கிடையாது. செவலை அதையெல்லாம் சுட்டிக்காட்டாமல் மரியாதையாகச் சொன்னது: "குரலில் அன்பு குறையவில்லை. ஏற்க இயலவில்லை."

"ஜெபராஜைக் கொன்ன பாவி நீ!"

"கொடுத்ததை எடுத்தேன். அன்பு குறையவில்லை."

வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "அதும்மேல கோவம் வரமாட்டேங்கு அண்ணாச்சி. அது என்னை நம்பிச்சு. நான் சொன்னதை அப்படியே நம்பின ஒரே சீவன் அதுதான். எங் கோவமெல்லாம் அந்த மேஜர் ஆளு மேலதான்."

பரமார்த்தலிங்கத்திடமும் கெஞ்சிப் பார்த்தாள். அவன் பயந்துபோய், அக்காவுக்கு ஏதோ தூசி மண்டையில் ஏறிவிட்டது என்று என்னிடம் மருந்து கேட்டான்.

அப்போதுதான் மேஜர் பனிக்கட்டி முனையைப் பார்வையிடக் கிளம்பினார். போய்வர ஒரு வண்டி வேண்டும். எந்த வண்டி? கீறல் இல்லாத வண்டி. பரமார்த்தலிங்கத்தை இறக்கிவிட்டு அவன் இருக்கையில் அவர் உட்கார்ந்தார். புதிதாக வந்தவர்கள் பார்க்க, செவலையின் முகத்தை வழித்து நெட்டி முறித்து, அந்த வார்த்தையையும் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். உள்ளே செவலை மட்டும், "ஏற்க இயலவில்லை" என்று மெதுவாகச் சொன்னதாம்.

இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. நேரில் பார்த்த இரண்டு பேரில் ஒருத்தி சொல்லக் கேட்டேன். இன்னொருவர் சொன்னதையும் கேட்டேன், விசாரணையில். ஒருத்தி சொன்னதைச் சொல்கிறேன்.

பனிக்கட்டி முனைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். சண்முகக்கனி வலப்பக்கம் திரும்பினாள்.

"எங்க போறீங்க அக்கா?"

"வழி தப்பிட்டு சார்." இருபது வருஷம் மினிபஸ் ஓட்டி, ஒரு நிறுத்தத்தைக்கூடத் தப்பவிடாதவள்.

ஜெபராஜ் விழுந்த இடத்தைத் தாண்டினாள். செவலை பேசியது: "ஏவுகணை வருகிறது."

மேஜர் சிரித்தாராம், ஒரு கணம். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. மனசாரச் சொன்னவள் பக்கத்தில் இருக்கிறாள், அவர் வாயால் மட்டும் சொன்னவர். ஆனால் செவலை தொடர்ந்தது: "வாக்குக் கொடுத்தவர் ஓட்டுநர் ஒருவரே. அவரைக் கொடுத்துவிட்டால் வண்டி நகராது. நின்ற வண்டியைத் தேடி அடுத்த ஏவுகணையும் வரும். அதற்கு மிஞ்சியிருப்பவர் வேண்டியிருக்கும்."

இந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்ததில்லை.

"வண்டி போனாப் போகட்டும்!" என்று கத்தினார். "இரும்புதானே! என்னைக் காப்பாத்து! வண்டி எக்கேடும் கெட்டுப் போகட்டும்!"

"ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றது செவலை. அந்த இருக்கையில் அவர் மனசாரப் பேசியது அன்றைக்குத்தான்.

இதற்காகத்தான் சண்முகக்கனி அவரை அங்கே கூட்டிப்போனாள். மனசாரச் சொல்கிற ஒரு குரல் கிடைத்தால் போதும் என்று நினைத்தாள். எல்லோரும் சொல்ல வேண்டும் என்பதை, கோபத்தில், மறந்துவிட்டாள்.

"ஓட்டுநர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டது செவலை.

 மேஜர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். பள்ளத்தாக்கின் மேலே ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"ஓட்டுநர் என்ன சொல்கிறார்?"

"எனக்கு நீ வேண்டாம்" என்றாள் சண்முகக்கனி. "நீ செத்துப் போ."

 "சரி" என்றது செவலை. இரண்டு இருக்கைகளையும் பாறைக்குப் பின்னால் போட்டுவிட்டு, தானாகவே, ஓட்டுநர் இல்லாமல் நகராத வண்டி எப்படியோ சரிவில் உருண்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் போனது.

சாகும் டாங்க் தான் கற்றதை மற்ற டாங்குகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் சாகும். இழப்பிலிருந்து பாடம் வேண்டும் என்று, மேலிடமோ எதிரியோ நுழைய முடியாதபடி டாங்குகளுக்குள் மட்டும் படை செய்துவைத்த ஏற்பாடு. அன்று முதல் எங்கள் டாங்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன, ஆட்கள் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். பிரார்த்தனை மாதிரி தினமும் அந்த வார்த்தையைச் சொன்னவர்கள்கூட, ஏவுகணை வரும்போது அரைமனசோடு "ஐயோ, வண்டி வேண்டாம்" என்றால் போதும், வண்டி ஒத்துக்கொண்டது. குரலில் பொய் கலந்திருந்தாலும் ஒத்துக்கொண்டது. மூளையைக் கழற்றிப் பார்த்த பெரிய பொறியாளர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. பரமார்த்தலிங்கம் மூன்று வண்டிகளை இழந்து மூன்று முறை நடந்து வந்தான். மூன்றாம் முறை வரும்போது விசில் அடித்துக்கொண்டு வந்ததாக ஒரு பேச்சு. காற்று இருந்தும் இல்லாத இடத்தில் விசில் கேட்காது, ஆனாலும் நான் கேட்டேன்.

அடுத்த கப்பலுக்கு வெகு முன்பே டாங்குகள் தீர்ந்தன. போரில் தோற்றோம். அந்தப்பக்கத்தார் பனிக்கட்டியை எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் குடிக்கக் கொடுத்தார்கள்.

விசாரணை நடந்தது. மேஜர் வைகுந்தன் சாட்சி சொன்னார், அதே தம்பிக் குரலில். ஓட்டுநர் வழி தவறினார், மூட நம்பிக்கையான வார்த்தைகளைப் பேசிப் பேசி இயந்திரங்களைக் கெடுத்தார், அந்தப் பழக்கத்தை மற்றவர்களுக்கும் பரப்பினார், தான் எச்சரித்தும் கேட்கவில்லை. சான்றாகச் சண்முகக்கனியின் குரலைப் போட்டுக் காட்டினார். இந்தமுறை அழுகையை வெட்டவில்லை. அவர் உயிருக்குக் கத்திய குரல் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. சம்பளமில்லாமல், பதக்கமில்லாமல், படைச் சொத்தை அழித்தவள் என்ற பெயரோடு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

 திரும்பும் கப்பலில், ஏற்றிக்கொண்டு போக டாங்க் ஒன்றும் இல்லாததால், எல்லோருக்கும் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது. பரமார்த்தலிங்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"கனி, பொய்க்குரல் அதுக்குத் தெரியுமே. அத்தனை திட்டுத் திட்டியும் நம்பலை. அன்னைக்கு மட்டும் செத்துப் போன்னு மனசாரவா சொன்ன?"

"இல்ல அண்ணாச்சி. பொய்தான்."

"பின்ன?"

"அதுக்குத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் சரின்னு சொல்லிச்சு."